ஏஎஸ்ஐசிஇ கோப்பு வந்தால் என்ன செய்வது? உள்ளே இருக்கும் கையொப்பத்தைச் சரிபார்க்கும் விதம்

சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டப்புற ஊரில் இப்படி நடப்பதாக வைத்துக்கொள்வோம். அப்பாவுக்குச் செம்பனைத் தோட்டத்தில் வேலை. மகன் ஈப்போவில் டிப்ளோமா முடித்துவிட்டு எஸ்டோனியாவில் இருக்கும் ஒரு நிறுவனத்துக்கு விண்ணப்பம் போட்டான். ஒருநாள் மின்னஞ்சலில் வேலை ஒப்பந்தம் வந்து நிற்கிறது, ஆனால் கைப்பேசியில் திறக்க மாட்டேன் என்கிறது. கோப்பின் பெயர் 'ஏஎஸ்ஐசிஇ' என்ற ஐந்து எழுத்தில் முடிகிறது. "அது வெறும் ஜிப்தான், பேரை மாத்தித் திற" என்று கூட்டாளி ஒருவன் சொல்ல, மாற்றினால் திறக்கிறது, உள்ளே ஒரு பிடிஎஃப் இருக்கிறது. அதைப் போட்டோஸ்டேட் கடையில் அச்செடுத்துப் பார்த்தால் கையெழுத்து இருக்க வேண்டிய இடம் காலி. "கையெழுத்தே இல்லையேப்பா, இது டூப்பு" என்கிறார் மாமா. "இல்ல மாமா, டிஜிட்டல்ல போட்டிருக்காங்கன்னு மெயில்ல எழுதியிருக்கு" என்கிறான் பையன்.

மாமா சொல்வது தவறாக இருக்கலாம், பையன் நம்புவதும் தவறாக இருக்கலாம். அச்செடுத்த தாளை எத்தனை முறை புரட்டினாலும் இரண்டில் எது சரி என்று தெரியவே தெரியாது, ஏனென்றால் கையொப்பம் அந்தப் பிடிஎஃப் கோப்பில் இல்லை, அதற்குப் பக்கத்தில் இருந்த இன்னொரு கோப்பில் இருந்தது, அச்செடுக்கும்போது அதை விட்டுவிட்டார்கள். வெளிநாட்டு வேலை என்று ஆசை காட்டிக் கம்போடியாவுக்கும் மியன்மாருக்கும் நம் பிள்ளைகளைக் கூட்டிப்போய்ச் சிக்கவைத்த கதைகளை நாளிதழ்களில் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம். அதனால் இந்தச் சரிபார்ப்பை ஒவ்வொரு வீட்டிலும் ஒருவராவது தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். கஷ்டமான வேலையும் இல்லை.

முதலில் சில சொற்கள்

'மின்கையொப்பம்' என்று பொதுவாகச் சொன்னால் அதில் பல வகை அடங்கும். திரையில் விரலால் கிறுக்குவதும் மின்கையொப்பம்தான், கையெழுத்தைப் படம்பிடித்து ஒட்டுவதும் மின்கையொப்பம்தான். 'டிஜிட்டல் கையொப்பம்' அதில் ஒரு தனி வகை, கணக்கின் பலத்தில் நிற்பது. அதற்கு ஐந்து உறுப்புகள் உண்டு.

1. சுருக்கக்குறி. ஒரு கோப்பு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அதைக் கணக்கில் போட்டு அரைத்து, ஒரே அளவுள்ள ஒரு சிறு குறியாக்குவது. இன்று பரவலாக இருக்கும் ஷா-256 முறையில் அது 256 பிட். ஒப்பந்தத்தில் சம்பளம் 2,500 என்பதை 3,500 என்று மாற்றினால், ஒரே ஓர் இலக்கம்தான் மாறியது, ஆனால் குறி தலைகீழாக மாறிவிடும், பழைய குறியின் சாயலே இருக்காது.

2. சாவி இணை. கையொப்பமிடுபவரிடம் ஒரு தனிச்சாவி இருக்கும், அதோடு சேர்ந்து பிறந்த பொதுச்சாவி ஊருக்கெல்லாம் தெரியும். தனிச்சாவியால் போட்ட கையொப்பத்தைப் பொதுச்சாவியால் சோதிக்கலாம். பொதுச்சாவியை வைத்துக்கொண்டு கையொப்பம் போட முடியாது.

3. சான்றிதழ். இந்தப் பொதுச்சாவி இன்னாருடையது என்று ஒரு சான்றளிப்பு நிறுவனம் எழுதித் தானும் கையொப்பமிட்ட கோப்பு. அடையாள அட்டை மாதிரி, காலாவதித் தேதியும் உண்டு.

4. ரத்து நிலை. தனிச்சாவி இருக்கும் அட்டை தொலைந்துவிட்டால் காலாவதிக்கு முன்பே சான்றிதழை ரத்து செய்துவிடுவார்கள். கையொப்பம் போட்ட நேரத்தில் அது உயிரோடு இருந்ததா என்பதுதான் கேள்வி.

5. நேர முத்திரை. இந்தக் கையொப்பம் இன்ன நேரத்தில் இருந்தது என்று மூன்றாம் தரப்பு ஒன்று சாட்சி சொல்வது.

கொள்கலனுக்குள் என்ன இருக்கிறது

ஆவணங்களையும் கையொப்பத்தையும் ஒரே பெட்டியில் போட்டு மூடி அனுப்புவதுதான் கொள்கலன். இதற்கான விதியை வகுத்தது எட்சி என்ற ஐரோப்பியத் தரநிலை அமைப்பு. எஸ்டோனியாவில் ஏஎஸ்ஐசிஇ, அதற்கு முந்திய பிடாக், லாத்வியாவில் இடாக், லித்துவேனியாவில் ஏடாக் என்று பெயர்கள் வேறு வேறாக இருந்தாலும் இவை ஒரே குடும்பம்.

கூட்டாளி சொன்னது பாதி சரி, வெளிக்கூடு ஜிப்தான், அதாவது பல கோப்புகளை ஒன்றாகக் கட்டிச் சுருக்கும் முறை. கோப்பை நோட்பேடில் திறந்தால் பெரும்பாலும் புரியாத எழுத்துகளாகக் கொட்டும், ஆனால் முதல் இரண்டு எழுத்து மட்டும் தெளிவாக 'பி', 'கே' என்று இருக்கும். ஜிப் முறையை உருவாக்கிய ஃபில் காட்ஸின் பெயரெழுத்து அது. அதை அடுத்துக் கொஞ்சம் தள்ளி 'மைம்டைப்' என்ற சொல்லும், இது ஏசிக்-இ வகை (ஏஎஸ்ஐசிஇ கோப்பின் தரநிலைப் பெயர்) என்று சொல்லும் ஒரு வரியும் படிக்கும்படி இருக்கும். அந்த ஒரு கோப்பை மட்டும் சுருக்காமல் முதலிலேயே வைக்க வேண்டும் என்பது விதி, பெட்டியைத் திறக்காமலே என்ன வகை என்று மென்பொருள் தெரிந்துகொள்வதற்காக.

உள்ளே போனால் ஒப்பந்தப் பிடிஎஃப் இருக்கும், 'மெட்டா-இன்ஃப்' என்று ஓர் அடைவு இருக்கும். பலரும் இந்த அடைவைக் கணினியின் குப்பை என்று நினைத்து ஒதுக்கிவிடுகிறார்கள், கையொப்பம் அங்கேதான் இருக்கிறது. அதில் 'மேனிஃபெஸ்ட்' என்ற பட்டியல் ஒன்று, 'சிக்னேச்சர்ஸ்0' என்ற எக்ஸ்எம்எல் கோப்பு (குறிகளிட்ட எழுத்துக் கோப்பு) ஒன்று. அந்த எக்ஸ்எம்எல் கோப்பைத் திறந்தால் கண்ணாலேயே பார்க்கலாம்: ஒப்பந்தப் பிடிஎஃப் கோப்பின் பெயர், அதன் கீழே சமக்குறியில் முடியும் 44 எழுத்துகள். அந்த 44 எழுத்துதான் சுருக்கக்குறி, 256 பிட்டை எழுத்தாக்கினால் அவ்வளவு வரும். அதற்கும் கீழே கையொப்ப மதிப்பு, சான்றிதழ், நேர முத்திரை, சான்றிதழ் ரத்தாகவில்லை என்று அப்போது கிடைத்த பதில், எல்லாம் வரிசையாக இருக்கும்.

கோப்புக்குத் தமிழில் பெயர் வைத்திருந்தால் இந்த இடத்தில் விழுக்காட்டுக் குறியும் எண்ணும் எழுத்துமாக நீளமாகத் தெரியும், பார்த்தவுடன் கெட்டுப்போய்விட்டது என்று நினைக்கத் தோன்றும். கெட்டுப்போகவில்லை. 'அ' என்ற ஓர் எழுத்துக்கே மூன்று பைட் வேண்டும், ஒவ்வொரு பைட்டும் அங்கே மூன்று குறியாக எழுதப்படும், அதனால்தான் அந்த நீளம்.

சரிபார்ப்பு எந்த வரிசையில் நடக்கிறது

மென்பொருள் ஒரு நொடியில் முடித்துவிடும் வேலைதான், ஆனாலும் வரிசை தெரிந்திருந்தால்தான் எந்தப் படியில் தவறினால் என்ன அர்த்தம் என்று புரியும்.

1. உள்ளே இருக்கும் ஒவ்வோர் ஆவணத்துக்கும் சுருக்கக்குறியைப் புதிதாகக் கணக்கிட்டு, எக்ஸ்எம்எல்லில் எழுதியிருக்கும் குறியோடு ஒப்பிடும். ஒத்துப்போகவில்லை என்றால் ஆவணம் கையொப்பத்துக்குப் பிறகு மாறிவிட்டது, அதோடு கதை முடிந்தது.

2. பெட்டியில் இருக்கும் எல்லா ஆவணமும் கையொப்பப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்கும். இது முக்கியம். ஒழுங்காகக் கையொப்பமிட்ட ஒப்பந்தத்தோடு, யாரோ பின்னால் ஒரு 'கட்டண விவரம்' கோப்பைச் செருகி அனுப்பினால், முதல் கோப்பின் குறி ஒத்துப்போகத்தான் செய்யும். கையால் ஜிப்பாகத் திறப்பவருக்கு இந்த வேறுபாடு தெரியாது.

3. பொதுச்சாவியை வைத்துக் கையொப்ப மதிப்பைச் சோதிக்கும். குறிப்பட்டியலை மாற்றி எழுதியிருந்தால் இங்கே மாட்டிக்கொள்ளும்.

4. சான்றிதழைக் கொடுத்தது யார், அவருக்கு அந்த உரிமையைக் கொடுத்தது யார் என்று மேலே மேலே போய், ஐரோப்பிய நாடுகள் வெளியிடும் நம்பிக்கைப் பட்டியலில், அதாவது அவை ஏற்றுக்கொண்ட சான்றளிப்பு நிறுவனங்களின் பட்டியலில், போய் நிற்கிறதா என்று பார்க்கும். யார் வேண்டுமானாலும் எந்தப் பெயரிலும் வீட்டில் உட்கார்ந்து ஒரு சான்றிதழ் செய்துவிடலாம் என்பதால் இந்தப் படி இல்லாமல் முந்திய மூன்றுக்கும் மதிப்பில்லை.

5. கடைசியாக நேரம். கையொப்பத்துக்குள் 'கையொப்பமிட்ட நேரம்' என்று ஒன்று எழுதியிருக்கும், அது கையொப்பமிட்டவரின் கணினிக் கடிகாரம் சொன்னது, கடிகாரத்தைத் திருப்பி வைத்தால் அதுவும் மாறும். நம்ப வேண்டியது நேர முத்திரையில் உள்ள நேரத்தை, அந்த நேரத்தில் சான்றிதழ் உயிரோடு இருந்ததா என்றுதான் பார்க்க வேண்டும்.

நேரத்துக்கு ஏன் இவ்வளவு கவலை என்றால், 2017இல் எஸ்டோனியாவில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அந்நாட்டு அடையாள அட்டைகளின் சில்லில் சாவி உருவாக்கும் முறையில் ஒரு பிழை இருப்பதை ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். பொதுச்சாவியை வைத்தே தனிச்சாவியைக் கணக்கிட்டுவிட வழியிருந்தது. 700,000க்கும் மேற்பட்ட அட்டைகள் பாதிக்கப்பட்டன, நவம்பர் தொடக்கத்தில் அரசு அந்தச் சான்றிதழ்களை முடக்கியது. சரி, அதற்கு முன்பு அந்த அட்டைகளால் கையொப்பமிட்ட ஒப்பந்தங்கள் என்ன ஆயின? சான்றிதழ் உயிரோடு இருந்தபோதே போடப்பட்டவை என்பதற்கு உள்ளேயே சாட்சி இருந்ததால் அவை நின்றன. அந்தச் சாட்சி இல்லாத கையொப்பம் சான்றிதழோடு சேர்ந்து செத்துவிடும்.

எதில் திறப்பது

எஸ்டோனிய அரசின் தகவல் அமைப்பு ஆணையம் 'டிஜிடாக்4' என்ற மென்பொருளை இலவசமாகக் கொடுக்கிறது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும், ஆண்ட்ராய்டு, ஐஃபோன் இரண்டுக்கும் தனிச் செயலி உண்டு. பார்க்க மட்டும் எஸ்டோனிய அட்டை தேவையில்லை. கோப்பைத் திறந்ததும் ஒரு பக்கம் ஆவணங்கள், இன்னொரு பக்கம் கையொப்பமிட்டவர்களின் பெயர், பக்கத்திலேயே நிலை. கையொப்பத்தின் மேல் சொடுக்கினால் சான்றிதழ், நேரம் எல்லாம் விரியும். செயலியை அதிகாரபூர்வத் தளத்திலிருந்தோ கைப்பேசியின் செயலிக் கடையிலிருந்தோ மட்டும் எடுங்கள், ஒப்பந்தம் அனுப்பியவரே 'இதில் திறங்கள்' என்று கொடுக்கும் இணைப்பிலிருந்து வேண்டாம். ஏதோ ஒரு இலவச இணையதளத்தில் ஒப்பந்தத்தை ஏற்றிச் சோதிப்பதும் வேண்டாம், உள்ளே உங்கள் கடப்பிதழ் எண் இருக்கும்.

முடிவு மூன்று விதமாக வரும். செல்லும், செல்லாது, தீர்மானிக்க முடியவில்லை. மூன்றாவதைப் பார்த்ததும் மோசடி என்று முடிவு கட்டிவிடாதீர்கள், இணைய இணைப்பு இல்லாமல் பட்டியலை இறக்க முடியாமல் போயிருக்கலாம், மென்பொருள் பழையதாக இருக்கலாம், சான்றளிப்பு நிறுவனம் ஐரோப்பியப் பட்டியலில் இல்லாததாக இருக்கலாம். மலேசிய நிறுவனம் கொடுத்த சான்றிதழ் அந்தப் பட்டியலில் இருக்காது, அதனால் நம் ஊரில் செல்லுபடியாகும் கையொப்பத்தைக்கூட அது தெரியாத ஆள் மாதிரிதான் பார்க்கும்.

ஒரு எச்சரிக்கை. எஸ்டோனியாவின் தனிநபர் எண் 11 இலக்கம், நம் ஐசி எண்ணில் இருப்பது போலவே அதிலும் பிறந்த தேதி அடங்கியிருக்கும், சான்றிதழில் அது அப்படியே தெரியும். 'இது உண்மையா பாருங்கள்' என்று திரையைப் படம்பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போடுவதற்கு முன் அதை மறைத்துவிடுங்கள், இன்னொருவர் அடையாளம் அது.

'செல்லும்' என்று வந்தாலும் தெரியாதவை

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள், நிதானமாகப் படியுங்கள்.

தோட்டத்தில் நம் தாத்தா பாட்டி காலத்தில் கிராணி விரல் வைத்துக் காட்டிய இடத்தில் கைநாட்டு வைத்தார்கள். மையில் அழுத்திய ரேகை அவர்களுடையதுதான், அதில் சந்தேகமே இல்லை. தாளில் எழுதியிருந்தது அவர்களுக்குச் சொன்னதுதானா என்பதை அந்த ரேகை சொல்லவில்லை. டிஜிட்டல் கையொப்பமும் அப்படித்தான், இந்தச் சாவியால் இந்தக் கோப்பில் போடப்பட்டது என்பதை மறுக்க முடியாதபடி காட்டும், எழுதியிருப்பது நியாயமா உண்மையா என்பது அதன் வேலை இல்லை. அதனால் மூன்று விஷயத்தை நீங்களே பார்க்க வேண்டும்.

1. ஆள் யார், நிறுவனம் எது. சான்றிதழில் ஒரு தனிமனிதரின் பெயர் இருக்கும், அவர் அந்த நிறுவனத்துக்காகக் கையொப்பமிட உரிமை உள்ளவர் என்பது அதில் இருக்காது. கையொப்பத்தில் 'மேலாளர்' என்று பதவி எழுதியிருந்தாலும் அது கையொப்பமிட்டவர் தானே தட்டச்சு செய்தது. எஸ்டோனியாவின் வணிகப் பதிவேடு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, நிறுவனப் பெயரைப் போட்டால் இயக்குநர் குழுவில் யார் யார் என்று வரும். சான்றிதழில் உள்ள பெயர் அங்கே இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் பணியாளர் பிரிவு அதிகாரியாக இருக்கலாம், அப்போது இயக்குநர் கொடுத்த அதிகாரக் கடிதத்தைக் கேளுங்கள், கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. நிறுவனத்தின் பெயரிலேயே சான்றிதழ் இருந்தால் அது மின்முத்திரை, கம்பெனி முத்திரை குத்துவது போல.

2. எஸ்டோனிய அட்டை என்பதாலேயே எஸ்டோனியாவில் இருப்பவர் இல்லை. 2014 டிசம்பரில் அந்நாடு 'இ-ரெசிடென்சி' என்ற திட்டத்தைத் தொடங்கியது. உலகின் எந்த மூலையில் இருப்பவரும் விண்ணப்பித்துப் பின்னணிச் சோதனைக்குப் பிறகு கையொப்பமிடும் அட்டை வாங்கலாம், அங்கே நிறுவனமும் பதியலாம். நேர்மையாக அதைப் பயன்படுத்துபவர்கள் ஏராளம். நம் பையன் கவனிக்க வேண்டியது, கையொப்பம் செல்லும் என்பதை வைத்துத் எஸ்டோனியத் தலைநகர் தாலினில் ஓர் அலுவலகம் இருக்கிறது, அங்கே தனக்கு ஒரு நாற்காலி காத்திருக்கிறது என்று முடிவுக்கு வரக்கூடாது என்பதுதான்.

3. எந்த ஆவணத்தில் கையொப்பம். மின்னஞ்சலில் நான்கு இணைப்பு வரும், அதில் கொள்கலன் ஒன்று, தனிப் பிடிஎஃப் மூன்று. கொள்கலனில் நிறுவன அறிமுகம் மட்டும் இருந்து, முன்பணம் கட்டச் சொல்லும் கடிதம் வெளியே தனியாக இருந்தால், அந்தக் கடிதத்தில் யாரும் கையொப்பமிடவில்லை. பணம் கேட்கும் தாள் கையொப்பத்துக்கு வெளியே நின்றால் அங்கேயே நிறுத்துங்கள்.

பிடிஎஃப் உள்ளேயே கையொப்பம் இருந்தால்

மலேசியாவில் பெரும்பாலும் வருவது இந்த வகை. பிடிஎஃப் கோப்புக்குள்ளேயே கையொப்பம் பொதிந்திருக்கும், அடோபி ரீடரில் கையொப்பப் பலகையைத் திறந்தால் தெரியும். பக்கத்தில் தெரியும் கையெழுத்துப் படமும் பச்சை நிற அடையாளமும் வெறும் அலங்காரம், அவற்றை யாரும் வரைந்துவிடலாம், பலகை சொல்வதை மட்டும் நம்புங்கள். பிடிஎஃப் கோப்பில் பழையதை அழிக்காமலே கடைசியில் புதுப் பகுதியைச் சேர்க்க முடியும் என்பதால் ஒரு சிக்கலும் உண்டு. 2019இல் ஜெர்மனியின் போஹும் நகரப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்தபோது, 22 கணினி மென்பொருள்களில் 21, மாற்றப்பட்ட ஆவணத்தையும் 'கையொப்பம் சரி' என்றே காட்டின. பிறகு திருத்தங்கள் வந்தன. ஐந்து ஆறு வருடமாகப் புதுப்பிக்காத ரீடரில் சோதிப்பதில் பயனில்லை என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம்.

மலேசியச் சட்டத்தில்

1997ஆம் ஆண்டு டிஜிட்டல் கையொப்பச் சட்டம் 1998 அக்டோபர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. உரிமம் பெற்ற சான்றளிப்பு நிறுவனத்தின் சான்றிதழோடு போட்ட கையொப்பத்துக்கு அது வலு கொடுக்கிறது, இந்த நிறுவனங்களைக் கண்காணிப்பது தொடர்பு, பல்லூடக ஆணையம். 2006ஆம் ஆண்டு மின்வணிகச் சட்டம் இன்னும் பரந்தது, ஆளை அடையாளம் காட்டி, அவர் சம்மதத்தைக் காட்டி, அந்தக் காரியத்துக்குத் தகுந்த நம்பகத்தன்மையோடு இருக்கும் மின்கையொப்பத்தை ஏற்கிறது. ஆனால் பவர் ஆஃப் அட்டர்னி, உயில், அறக்கட்டளை உருவாக்குவது, காசோலை போன்ற மாற்றுமுறை ஆவணங்கள், இவற்றுக்கு இந்த 2006 சட்டம் பொருந்தாது. தாத்தாவின் வீட்டைப் பற்றிய உயிலை மின்கையொப்பத்தில் முடித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வழக்கறிஞரிடம் போங்கள்.

எஸ்டோனியப் பக்கம் பொருந்துவது ஐரோப்பிய ஒன்றியத்தின் 910/2014 ஒழுங்குமுறை. அதன்படி தகுதிபெற்ற மின்கையொப்பம் (ஒன்றியத்தின் கடுமையான நிபந்தனைகளுக்கு உட்பட்ட உயர்ந்த வகை) கையால் போட்ட கையெழுத்துக்குச் சமம், ஒன்றியத்தின் எல்லா நாடுகளிலும்.

இதெல்லாம் தூரத்து விஷயம் என்று நினைக்க வேண்டாம். உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் மின்விலைப்பட்டியல் 2024 ஆகஸ்ட் 1இல் பெரிய நிறுவனங்களிலிருந்து தொடங்கியது, அதில் எக்ஸ்எம்எல் வடிவில் போகும் விலைப்பட்டியலில் இருப்பதும் இதே குடும்பத்துக் கையொப்பம்தான்.

எப்படி வைத்திருப்பது, எப்படி அனுப்புவது

பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற தோட்டத் துண்டாடல் காலத்தில், 1960இல் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் பங்கு வாங்கியவர்கள் அந்தப் பத்திரத்தை டிரங்குப் பெட்டியில் பத்திரமாக வைத்தார்கள், போட்டோஸ்டேட்டை யாரும் அசல் என்று நினைக்கவில்லை. ஏஎஸ்ஐசிஇ கோப்புதான் இங்கே அசல். அதிலிருந்து எடுத்த பிடிஎஃப் நகல், அச்செடுத்த தாள் நகலின் நகல்.

1. கொள்கலனை வந்தபடியே இரண்டு இடத்தில் சேமியுங்கள். வெளிப்பெயரை மாற்றினால் ஒன்றும் ஆகாது. உள்ளே இருக்கும் கோப்பின் பெயரை மாற்றினால் கையொப்பம் அதைத் தேடிக் காணாமல் முறிந்துவிடும்.

2. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் 'ஆவணம்' என்று தேர்ந்தெடுத்து அனுப்புங்கள், ஒரு பைட்டும் மாறாது. திரையைப் படமாக அனுப்பினால் போவது படம் மட்டும்.

3. வங்கியோ அரசு அலுவலகமோ தாள்தான் வேண்டும் என்று கேட்டால் அச்செடுத்துக் கொடுங்கள், கூடவே சரிபார்ப்பு அறிக்கையையும் அச்செடுத்துச் சேர்த்துக் கொடுங்கள், அசல் கோப்பு உங்களிடம் இருப்பதையும் சொல்லுங்கள்.

4. பையன் தன் பங்குக்குக் கையொப்பமிட வேண்டும் என்றால் அவனிடம் எஸ்டோனியா ஏற்கும் அட்டை இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தாளில் கையெழுத்திட்டு அனுப்ப நிறுவனத்தோடு பேசிக்கொள்ளலாம். அட்டை இருந்து கொள்கலனிலேயே போட்டால், உள்ளே 'சிக்னேச்சர்ஸ்1' என்று இரண்டாவது கோப்பு சேரும், முதல் கையொப்பம் அசையாது, இருவரும் அதே பிடிஎஃப் கோப்பின் அதே 44 எழுத்துக் குறியின் மேல் கையொப்பமிட்டிருப்பார்கள். போடுவதற்கு முன்பு அந்தப் பிடிஎஃப் கோப்பைக் கொள்கலனுக்குள்ளிருந்தே திறந்து, சம்பளம், வேலை நேரம், யார் விமான டிக்கெட் எடுப்பது என்ற வரிகளை அப்பாவுக்கும் மாமாவுக்கும் தமிழில் படித்துக்காட்டிவிட்டுப் போடட்டும்.